பிப்ரவரி முப்பத்தொன்று

27 பிப்ரவரி
வெள்ளிக்கிழமை, மதியம்

அன்பு மகள் புள்ளிக்கு, அம்மா ஆசையோடு எழுதுவது.

இங்கே நானும் உன் அப்பாவும் சுகம். உன் சுகம் தினமும் காலை ஆறு பத்துக்கு, அன்றைய தேதியை வைத்து நீ போடும் கோட்டுப் படமாகப் போனில் வந்துவிடுகிறது. இருந்தாலும் எழுத உட்கார்ந்தால் கேட்காமல் இருக்க முடியவில்லை. எப்படி இருக்கிறாய்? இந்த வாரம் மூன்று முறை போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை. "வேலைம்மா, படம் பாரு" என்று ஒரு வரி வந்தது. சரி, பார்க்கிறேன். நானும் பதிலுக்குத் தட்டலாம் என்று பார்த்தால், அந்தப் பொடி எழுத்துகளைத் தேடி எடுப்பதற்குள் சொல்ல வந்ததே மறந்துபோகிறது. அதனால்தான் காகிதம்.

உன் அப்பாவுக்கு இந்த வாரம் அலைச்சல் அதிகம். செவ்வாய்க்கிழமை ஒரு ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண், வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது நாளாம். ரிப்பேருக்குப் போன உன் அப்பா நாற்பது நிமிஷம் கதவுக்கு வெளியே உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தாராம். மாட்டிக்கொண்டவரிடம் என்ன ஆச்சு, எதை அழுத்தினீங்க என்று விசாரிக்கவே கூடாதாம். நான் இங்கேதான் இருக்கேன் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமாம். வீட்டில் நான் நாலு வார்த்தை பேசினால் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொள்கிற மனிதர், ஊரில் கதவுகளோடு நாற்பது நிமிஷம் பேசுகிறார். அந்த லிஃப்டில் அபாய மணிப் பொத்தான் வேறு அழுந்தியே மாட்டிக்கொண்டதாம். அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்ததாம். அப்படி அடித்தால் உள்ளே ஆள் இருக்கிறதா, தெளிவாக இருக்கிறதா, மயங்கிக் கிடக்கிறதா, ஒன்றுமே தெரியாது, அதுதான் இருக்கிறதிலேயே மோசம் என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உன் படங்களுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் தெரியுமா? ஈசிஜி. பல் தேய்த்துக்கொண்டே, "இன்னிக்கு மகளோட ஈசிஜி வந்துச்சா?" என்கிறார். வந்துச்சு என்றால் நிம்மதியாகக் கிளம்பிவிடுகிறார்.

என் வீட்டுக் கணக்கு நோட்டில் உன் படங்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன் என்று சொன்னேன் அல்லவா. தேதி, வந்த நேரம், படம் எத்தனை அடி நடக்கிறது, கிளம்பின இடத்துக்குத் திரும்பியதா இல்லையா, நான்கு பத்தி. சிலிண்டர் மாற்றிய தேதி, அப்பாவின் பிரஷர் மாத்திரை, அதற்குக் கீழே நீ. முன்னெல்லாம் உன் நேரம் ஒரு ஒழுங்கில்லாமல் இருக்கும். காலை ஒன்பது இருபது, மத்தியானம் ஒன்று ஐந்து, ஒரு நாள் வரவே இல்லாமல் மறுநாள் இரண்டாக. இப்போது பார், தினமும் ஆறு பத்து. ஒரு நிமிஷம் முன்னே பின்னே இல்லை. விடிகாலையில் எழுந்திருக்கப் பழகிவிட்டாய் என்று சாமி அலமாரி முன்னால் நின்று நன்றி சொன்னேன். இருபத்தேழு வருஷமாக நான் கத்தி நடக்காததைக் கடவுள் சத்தமில்லாமல் நடத்திவிட்டார்.

படம் போடும் முறையை என் பாஷையில் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். சரிதானா என்று பார்த்துச் சொல். நான் எட்டாவதோடு நின்றவள், தப்பு இருந்தால் சிரித்துக்கொண்டே திருத்து.

ஒவ்வொரு அடிக்கும் முதலில் கிழக்கே பார்த்து நில். அடியின் எண்ணை அதே எண்ணால் பெருக்கித் தேதியால் வகு. ஈவு வேண்டாம், மீதி மட்டும் போதும். தேதிச் சக்கரத்தில் மீதி எத்தனையோ அத்தனை பல் திரும்பு. அப்புறம் அடியின் எண்ணை மாதத்தால் வகு. அதிலும் மீதிதான். மாதச் சக்கரத்தில் அத்தனை பல் திரும்பு. முந்தின கோடு முடிந்த இடத்திலிருந்து, திரும்பிய திசையில் அரை சென்டிமீட்டர் கோடு போடு. அடுத்த அடிக்கு மறுபடி கிழக்கிலிருந்தே தொடங்கு. முந்தின அடி எந்தப் பக்கம் பார்த்தது என்று பார்க்காதே.

சக்கரங்கள் எல்லாம் அப்பாவின் லிஃப்ட் சாமான் வந்த அட்டைப் பெட்டியில் வெட்டியது. தேதிக்கு முப்பத்தொன்று, மாதத்துக்குப் பன்னிரண்டு, எத்தனையாம் சக்கரமோ அத்தனை பல், பிஸ்கட் டப்பாவில் வரிசையாக இருக்கின்றன. பதினேழாம் சக்கரத்தை மட்டும் மூன்று தடவை வெட்ட வேண்டியிருந்தது. பதினேழு சமபங்கு என்பது லேசில் ஆகிற காரியமில்லை.

நீ சொல்லித்தராத ஒன்றை நானாகக் கண்டுபிடித்தேன். கணக்கு எழுதுகிறவளுக்கு வரிசையாகப் பார்த்தால் கண்ணில் படும். ஜனவரியில் 2, 6, 10, 14 என்று நான்கு நான்காகத் தாவும் தேதிகள் மட்டும் கிளம்பின இடத்துக்கே திரும்பி வருகின்றன. மற்றதெல்லாம் ஏட்டைத் தாண்டி ஊர்வலம் போகின்றன. பிப்ரவரியில் ஒற்றைப்படைத் தேதி எல்லாம் வீடு திரும்பும், இரட்டைப்படை ஓடிப்போகும். அதிலும் ஒற்றைப்படைக்கு ஒரு முகம் இருக்கிறது: நடுவில் ஒரு குட்டிக் கோடு, அதன் இரு முனையிலும் சுருண்ட வால். எவ்வளவு தூரம் போனாலும் போன வழியிலேயே திரும்பி வந்து, அந்தப் பக்கமும் அதே போல் போய்த் திரும்பும். மார்ச் எப்படி என்று வரும் மாதம் பார்த்துக் கண்டுபிடிப்பேன்.

நாளை மறுநாள் மார்ச் ஒன்று. முக்கோணம்! வருஷத்திலேயே எனக்குப் பிடித்த படம். மூன்றே கோடு, கண்ணை மூடிக்கொண்டே போட்டுவிடலாம். போன வருஷம் அன்றைக்கு, "அம்மா, இன்னிக்கு உனக்கு லீவு" என்று எழுதியிருந்தாய். இந்த வருஷம் என்ன எழுதுகிறாய் என்று பார்க்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வை. கடவுள் உன் கூடவே இருக்கட்டும்.

உன் ஆறு பத்துக்காக ஐந்தரைக்கே எழுந்துவிடும்
அம்மா


4 மார்ச்
புதன்கிழமை, காலை பதினொன்று

அன்பு மகளுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு எழுதினால் பாலும் போச்சு, எழுதினதும் போச்சு. இப்போது அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு தடவை எழுந்துபோய் அது அணைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, ஒன்றாம் தேதி, ஆறு பத்துக்குப் படம் வந்தது. முக்கோணம் இல்லை. நடுவில் ஒரு குட்டிக் கோடு, இரு பக்கமும் சுருண்ட வால். எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, அது மார்ச்சின் முகம் இல்லை. நீ தவறிப் பழைய படத்தை அனுப்பிவிட்டாய் என்று நினைத்தேன். நோட்டைப் புரட்டினேன். பிப்ரவரியில் எந்த நாளும் அப்படி இல்லை. வால் எல்லாவற்றையும்விட நீளம்.

திங்கட்கிழமை காலை கடை திறந்ததும் போய்ப் பெரிதாக அச்சடித்துத் தரச் சொன்னேன். ஜெராக்ஸ்காரம்மா வாங்கிப் பார்த்து, "என்னக்கா இது, பொண்ணு பூரான் வளக்குறாளா?" என்று கேட்டாள். மற்ற நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். அவள் கடை மேஜையிலேயே குண்டூசியை வைத்துக் கோடுகளை எண்ணினேன். நடுக்கோடு ஒன்று. இந்த வாலில் பதினான்கு, அந்த வாலில் பதினான்கு. இருபத்தொன்பது.

பிப்ரவரி இருபத்தொன்பது. இந்த வருஷம் பிப்ரவரிக்கு இருபத்தெட்டு நாள்தான், புள்ளி.

திங்கட்கிழமை காலை ஆறு பத்துக்கு வந்ததும் அப்படித்தான், இல்லாத தேதி. வீட்டுக்கு வந்து முப்பதாம் சக்கரத்தையும் இரண்டாம் சக்கரத்தையும் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். கோட்டுக்குக் கோடு ஒத்துப்போனது. பிப்ரவரி முப்பது. இரட்டைப்படை, ஏட்டைத் தாண்டி ஓடிப்போனது. நேற்று என்ன வரும் என்று எனக்கு முன்னாலேயே தெரியும். விடியுமுன் சக்கரம் வைத்துப் போட்டு முடித்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறு பத்துக்கு அதுவேதான் வந்தது. பிப்ரவரி முப்பத்தொன்று.

இன்று காலை முக்கோணம் வந்தது. நான்காம் தேதிக்கு.

எல்லா மாதத்துக்கும் முப்பத்தொரு நாள் என்று யார் எழுதிவைப்பார்கள்? யோசிக்கக்கூட முடியாத அலுப்பில் இருக்கிறவர்கள் எழுதுவார்கள். நாளைக்கும் நாளன்றைக்கும் நாமே அனுப்ப வேண்டாம், இது பாட்டுக்குப் போகட்டும் என்று ஒரு தடவை கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறவர்கள் எழுதுவார்கள். என் மகளுக்குப் பிப்ரவரிக்கு எத்தனை நாள் என்று தெரியாமல் இல்லை.

நோட்டைப் பின்னாலே புரட்டினேன். ஆறு பத்து எந்த நாளில் ஆரம்பித்தது என்று பார்த்தேன். ஜனவரி பதினொன்று. இன்றோடு ஐம்பத்துமூன்று நாள். ஐம்பத்துமூன்று நாளாக நீ நன்றாக இருக்கிறாய் என்று ஒரு யந்திரம் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அதற்காகச் சாமிக்கு நன்றி வேறு சொல்லியிருக்கிறேன்.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். கோபம் இருக்கிறது. அதைவிடப் பெரிதாக வேறொன்று இருக்கிறது, அதற்குப் பெயர் வைக்கப் பயமாக இருக்கிறது.

நேற்று மத்தியானம் உன் பல்கலைக்கழக விடுதி ஆபீசுக்குப் போன் செய்தேன். பேசினது ஒரு சின்னப் பெண். நல்ல மாதிரி. நீ அறையில்தான் இருக்கிறாய் என்றாள், சாப்பாட்டுக்குக் கீழே வருகிறாயாம், கூட்டம் போன பிறகு வந்து சீக்கிரம் போய்விடுகிறாயாம். உன் துறைக்குப் போகிறாயா என்று கேட்டேன். அவள், "பொங்கல் லீவு... " என்று எதையோ ஆரம்பித்து நிறுத்திவிட்டு, "ஜனவரியிலேர்ந்து போற மாதிரி தெரியலை ஆன்ட்டி. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்றாள். அவள் சொன்னதாக நான் சொல்லவில்லை. நீயும் கேட்காதே.

ஜனவரி பத்தாம் தேதிதான் நீ கடைசியாகப் போனில் பேசினது. அதை இப்போது நாள் முழுக்க வார்த்தை வார்த்தையாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆராய்ச்சிக்காக நான்கு வருஷமாக நீ எழுதின நிரூபணத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது, நீயேதான் கண்டுபிடித்தாய், அடைக்க முடியவில்லை என்றாய். இந்தப் படங்களின் நடை எல்லாம் அதிகபட்சம் எவ்வளவு தூரம் விலகிப் போக முடியும் என்று நீ ஒரு வேலி போட்டிருந்தாய், அந்த வேலி நிற்காது என்று தெரிந்துவிட்டது என்றாய். எனக்கு அவ்வளவுதான் புரிந்தது. அப்புறம் நீ சாதாரணமாகச் சொல்கிற மாதிரி சொன்னாய்:

"நாலு வருஷம் நடந்தேம்மா. கிளம்பின எடத்துலயே வந்து நிக்கறேன்."

நான் என்ன சொன்னேன்? அன்றைய படத்தைக் காலையில்தான் போட்டு முடித்திருந்தேன். ஜனவரி பத்து, பத்தே அடி, அழகாகத் திரும்பி வந்த படம். அந்தச் சந்தோஷத்தில், "இன்னிக்குப் படமும் அப்படித்தான் திரும்பி வந்துச்சு, நல்ல நாள்தான் போ" என்றேன். சொல்லிவிட்டு, சிலிண்டர் வந்த கதையைக் கால் மணி நேரம் பேசினேன். நீ உம் கொட்டிக்கொண்டிருந்தாய். வைத்துவிட்டாய். மறுநாள் ஆறு பத்து ஆரம்பித்தது.

என் நோட்டில் கிளம்பின இடத்துக்குத் திரும்பும் படத்துக்கு நேரே ஒரு டிக் போடுவேன். எனக்கு அது நல்ல சேதி. ஆள் வீட்டுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அதே வார்த்தை உனக்கு நான்கு வருஷம் பூஜ்யமானது என்று எனக்கு உறைக்கவில்லை. நீ அழாமல் சொன்னதால் அழுகிற விஷயமில்லை என்று நினைத்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு.

உன் அப்பாவிடம் இன்று காலைதான் சொன்னேன். பல் தேய்த்துக்கொண்டே, "ஈசிஜி வந்துச்சா?" என்று வந்தார். நோட்டை அவர் கையில் கொடுத்தேன். அவருக்கு நேரப் பத்தி ஒன்று போதுமாக இருந்தது. வாய் கொப்பளிக்காமலே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "பட்டன் மாட்டிக்கிச்சு" என்றார். வேலைக்குப் போகும்போது டிபன் டப்பாவை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

புள்ளி, ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த யந்திரத்தை நிறுத்திவிடு. படம் வராவிட்டால் நான் தவித்துப் போவேன் என்றுதானே அதை ஏற்றிவைத்தாய்? தவித்துக்கொள்கிறேன். அது என் பாடு. நன்றாக இருக்கிறேன் என்று நாள் தவறாமல் என்னிடம் சொல்லச் சொல்லி நான் உன்னை வளர்க்கவில்லை. நன்றாக இல்லை என்றால் இல்லை என்பதற்கு என்ன படம் என்று நாம் பேசிக்கொள்ளவே இல்லை, பார்த்தாயா? அந்தக் கணக்கை எழுதாமல் விட்டது நான்.

கடிதத்தைச் சாமி படத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் வைத்து எடுத்துவிட்டு நானே தபாலாபீசில் கையெழுத்து வாங்கித் தரும்படி சேர்க்கப் போகிறேன். உன் கைக்கு வரும் வரை கடவுள் உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும்.

டிக் போடத் தெரிந்து, பார்க்கத் தெரியாமல் போன
உன் அம்மா


13 மார்ச்
வெள்ளிக்கிழமை, மாலை

என் கண்ணுக்கு,

புதன்கிழமை காலை ஆறு பத்துக்குப் படம் வரவில்லை.

நான்தான் நிறுத்தச் சொன்னேன். சொல்லிவிட்டு, அது நின்றதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆறு பதினொன்று, ஆறு இருபது, ஏழு. போனை அணைத்துத் திரும்பப் போட்டேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பிடித்தேன். நோட்டில் நேரம் எழுத வேண்டிய கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன், அங்கே மை ஊறி ஒரு பொட்டு ஆகிவிட்டது. தப்பான படமாவது வந்துகொண்டிருந்ததே, அதையும் நானே கெடுத்துக்கொண்டேனே என்று சாமி அலமாரி முன்னால் போய்ச் சண்டை போட்டேன்.

உன் அப்பா எழுந்து வந்தார். வரவில்லை என்றேன். அவர் முகத்தில் ஒரு வாரத்தில் முதல் தடவையாக உயிர் வந்தது. நம்பு, நிஜமாகச் சொல்கிறேன்.

"அடிச்சுக்கிட்டே இருந்த மணி நின்னுச்சுன்னா உள்ளேயிருந்து யாரோ பட்டனை இழுத்து விட்டிருக்காங்கன்னு அர்த்தம்டி. கை இருக்கு. எழுந்து வந்திருக்கா. இனிமேதான் நாம பேசணும்" என்றார்.

நான் நோட்டை எடுத்து, மைப்பொட்டுப் பக்கத்தில் ஒரு டிக் போட்டேன். இதுவரை போட்டதிலேயே பெரிய டிக். பத்தியைத் தாண்டிப் போய்விட்டது.

அதற்குப் பிறகும் மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நேற்று மறுபடி விடுதி ஆபீசுக்குப் பேசினேன். செவ்வாய்க்கிழமை நீயே கீழே வந்து கையெழுத்துப் போட்டு வாங்கினாயாம், மாடிப் படியிலேயே உட்கார்ந்து படித்தாயாம். அந்தப் பெண் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டும் என்றாயாம். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நேற்று முழுக்க ஓட்டினேன்.

நீ எதுவும் எழுதவில்லை. எழுத முடியவில்லை என்று நினைக்கிறேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று மலைப்பாக இருக்கும். அதற்கு ஒரு வழி தோன்றுகிறது, அதுவும் நீ சொல்லித்தந்ததுதான்.

இங்கே வீட்டில் உன் அறைச் சுவரில் நீ ஒட்டிவிட்டுப் போன பெரிய படம் அப்படியே இருக்கிறது. இன்று மத்தியானம் நாற்காலி போட்டு ஏறி, அப்பாவின் லென்ஸை வைத்துப் பார்த்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் நாலைந்து பெரிய சுருள், கயிற்றில் கட்டின மாதிரி. கிட்டப் போனால் அந்தக் கயிறே சின்னச் சுருள்களால் ஆனது. லென்ஸ் வைத்தால் அந்தச் சின்னச் சுருளுக்குள் அடிகள், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பித் திரும்பி, ஒரு மையத்தில் இறுகி, அப்புறம் தானாக அவிழ்ந்து அடுத்த மையத்துக்குப் போகின்றன. நீ அப்போது சொன்னாய், எல்லா அடியையும் பார்க்காதேம்மா, சுருள்களின் மையங்களை மட்டும் கோடு போட்டு இணைத்துப் பாரு, அதே மாதிரிப் படம்தான் வரும், ஆயிரம் அடி ஐம்பது அடியாகிவிடும் என்று. நான் நம்பாமல் டிரேசிங் தாள் வைத்துப் போட்டுப் பார்த்தேன். அப்படியே வந்தது. அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு எதுவும் சமைக்காமல் மூவரும் பிரெட்டைத் தின்றோம், நினைவிருக்கிறதா?

அந்த மாதிரி சொல். நான்கு வருஷத்தையும் சொல்ல வேண்டாம். இந்த இரண்டு மாதத்தின் ஒவ்வொரு நாளையும் சொல்ல வேண்டாம். எங்கெங்கே இறுகிப்போய் நின்றாயோ அந்த இடங்களை மட்டும் சொல். நடுவில் உள்ளதை நான் போட்டுக்கொள்கிறேன். உன் முகம் எனக்குத் தெரியாதா?

வேலி நிற்கவில்லை என்றால் நிற்கவில்லை. இன்னொன்று கட்டுவதா, வேறு எதாவது செய்வதா என்பதெல்லாம் உன் இஷ்டம். நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். அப்பாவும் கேட்க மாட்டார், அவர் தொழில் சத்தியமாக.

மார்ச்சின் குணத்தையும் கண்டுபிடித்துவிட்டேன். நேற்று வரைக்கும் எல்லாத் தேதிக்கும் நானே சக்கரம் வைத்துப் போட்டேன், கை சும்மா இருந்தால் தலை சுற்றுகிறது. மூன்றால் மீதி இல்லாமல் வகுபடும் தேதிகள், ஆறாம் தேதி ஒன்றைத் தவிர, ஓடிப்போகின்றன. மற்ற எல்லா நாளும் வீடு திரும்புகின்றன. அதுவும் எப்படித் திரும்புகின்றன தெரியுமா? இன்று பதின்மூன்று. முதல் பதின்மூன்று அடி கோணல்மாணலாக ஒரு பக்கம் போகிறது. அடுத்த பதின்மூன்றும் அதே கோணல், ஆனால் முழுச் சுற்றில் மூன்றில் ஒரு பங்கு திரும்பி. மூன்றாவது பதின்மூன்றும் அப்படியே. முடிந்ததும் தள்ளி நின்று பார்த்தால், புள்ளி, அது நம் முக்கோணம். மார்ச் ஒன்றாம் தேதி எனக்கு வராமல் போன அதே முக்கோணம். ஒரு கோடு இருந்த இடத்தில் பதின்மூன்று கோடு, அவ்வளவுதான். போடும்போது அது முக்கோணம் என்று எனக்குக் கொஞ்சமும் தெரியவில்லை. பதினோராவது அடியில் சக்கரத்தைத் தப்பாகத் திருப்பிவிட்டேனோ என்று அழித்தும் எழுதியும் பார்த்தேன்.

அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். மொத்தம் முப்பத்தொன்பது அடி. முப்பத்தெட்டை நான் போட்டுவிட்டேன். கடைசி அடியைப் போடவில்லை. அரை சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறது, பார்த்தாலே தெரியும். திரும்பி வரும் படங்களில் கடைசி அடிக்குச் சக்கரமே வேண்டியதில்லை என்று நோட்டில் பார்த்துவைத்திருக்கிறேன். தேதியால் வகுத்தாலும் மீதி இல்லை, மாதத்தால் வகுத்தாலும் மீதி இல்லை. எதையும் கணக்குப் பார்க்க வேண்டாம். நேர் கிழக்கு.

என் விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டிய கவர் ஒன்றும் உள்ளே இருக்கிறது. அந்த ஒரு கோட்டை மட்டும் போட்டு அனுப்பு. ஸ்கேல் வேண்டாம், கோணினாலும் பரவாயில்லை, பேனாவோ பென்சிலோ எது கைக்குப் பட்டாலும் சரி. கம்ப்யூட்டரில் மட்டும் வேண்டாம்.

கோடு போடக் கூட முடியவில்லை என்றால் அப்படியே வைத்துக்கொள், தூக்கிப் போட்டுவிடாதே. இந்தத் தபால் உன் கைக்கு வர எப்படியும் ஐந்தாறு நாள் ஆகும். வரும் வெள்ளிக்கிழமை நானும் அப்பாவும் ரயில் ஏறுகிறோம், டிக்கெட் எடுத்தாகிவிட்டது. விடுதி வாசலில் ஒரு பெஞ்சு இருக்கிறதாம், அந்தப் பெண் சொன்னாள். அங்கே உட்கார்ந்திருப்போம். நீ கீழே வர வேண்டாம். கதவைத் தட்ட மாட்டோம். அப்பா டிபன் டப்பா கொண்டுவருகிறார், நான் பிஸ்கட் டப்பாவில் சக்கரங்களைக் கொண்டுவருகிறேன், எங்களுக்குப் பொழுது போகும். தோன்றும்போது ஜன்னலைத் திற, போதும்.

கிளம்பின இடத்துக்கு வந்து நிற்கிறேன் என்றாயே. அந்த இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று அன்றைக்கு நான் உனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்.

அம்மா, அப்பா